காலி மனையில் நட்ட சூலம்

நான் பயந்தாங்கொள்ளி. அடுத்தவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். குக்கர் விசில் அடித்தால் அடுப்படியை விட்டு ஓடிவந்து நின்றுதான் திரும்பிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், மனசுக்குள் ஒரு விபத்தை நடத்தி முடித்து, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதும் தீர்த்திருப்பேன். அவர் சாவகாசமாக வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "கொழம்பு என்ன?" என்பார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிப்பட்டவளின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கொண்டுவந்து சோலார் தகடுகளை நிறுத்தினார்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், டவுன் முடிந்து மக்காச்சோளக் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. வீடில்லாதவர்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும். எங்களுக்குத் தரைத்தளத்தில் கிடைத்தது. பின்னால் இருந்த பெரிய காலி மனை இரண்டாம் கட்ட வீடுகளுக்கென்று ஒதுக்கியது. ஒதுக்கியதோடு சரி, வருஷக்கணக்காகச் சீமைக்கருவேலம் மட்டும்தான் அங்கே குடியிருந்தது. பிறகு ஒருநாள் மரத்தையெல்லாம் வழித்துவிட்டு, வரிசை வரிசையாகத் தகடுகளை வைத்தார்கள்.

ஆபீஸிலிருந்து வந்தவர் எங்களைக் கூட்டிவைத்து விளக்கினார். "எடம் சும்மாதானங்க கெடக்குது. கட்டுற வரைக்கும் ஒங்க மோட்டாருக்கும் மாடிப்படி லைட்டுக்கும் இதுலேர்ந்து கரண்ட் வரும். எல்லாம் தற்காலிகம்தான். அடுத்த வூடுங்க கட்ட ஆரம்பிச்சதும் கழட்டிட்டுப் போயிடுவோம். பாருங்க, குழி கூடத் தோண்டல." அவர் சொன்னது நிஜம்தான். கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல் இரும்புச் சட்டங்களை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் தற்காலிகம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை. என் தங்கச்சி கல்யாணமாகி ஏரிக்கரைக் குடிசைக்குப் போனபோதும் அதைத்தான் சொன்னார்கள். இப்போதைக்கு இங்கே இருங்கள், சீக்கிரம் வீடு வந்துவிடும் என்றார்கள். அந்தச் 'சீக்கிரம்' வருவதற்குள் அவளுக்குப் பெண் குழந்தையும் பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு வீடு வரவேண்டிய இடம் இந்தக் காலி மனைதான். இரண்டாம் கட்டத்தில் அவள் பேர் இருந்தது.

அவள் புருஷன் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறார். அவர் வேலைக்குப் போய்விட்டால் குடிசையில் இவளும் பிள்ளையும் மட்டும்தான். வாசலைத் தாண்டினால் சரிவு, சரிவு முடிந்தால் ஏரித் தண்ணீர். ஒருநாள் நான் போனபோது, பழைய சேலையைக் கிழித்து ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டிவிட்டு, இவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி இது, புள்ளையா கன்னுக்குட்டியா?"

"நீயே அவுத்து வுட்டுப் பாருக்கா."

அவிழ்த்துவிட்டேன். பிள்ளை இப்படி அப்படிப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, நேராகத் தண்ணீரைப் பார்த்துத் தவழ்ந்து போனது. பின்னாலேயே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். சேலையை எடுத்து, என் தங்கச்சி போட்டதைவிட இறுக்கமாக நானே முடிச்சுப் போட்டேன்.

அன்றிலிருந்து மழை தூறினாலே போன் போடுவேன். "தண்ணி எங்க வரைக்கும்டி வந்துருக்கு?" அவள் சலித்துக்கொள்வாள். சலிப்பு கேட்டால் எனக்கு நிம்மதி. அவள் போன் எடுக்காத நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இங்கே எங்கள் குடியிருப்பிலோ தகடுகள் வந்த பிறகு கதையே மாறிவிட்டது. அதற்கு முன்னால் மோட்டார் லோ வோல்டேஜில் உறுமும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மாடிக்காரர்களெல்லாம் கீழே வந்து குடத்தில் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது வெயில் ஏறுகிற நேரத்தில் மோட்டார் ஓடி, மூன்றாவது மாடிக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது. தகடுகளுக்குக் கீழே நல்ல நிழல். வெங்காய மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து கொட்டி, பெண்களெல்லாம் அந்த நிழலில் உட்கார்ந்து தாள் கிள்ளித் தரம் பிரித்தோம். நானும் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கறுப்பு வயர்கள் ஓடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிள்ளியதால் எனக்கு மட்டும் வேலை பாதிதான் நடக்கும். அவர்கள் என்னைக் கேலி செய்யாத நாளே இல்லை.

மூன்றாவது மாடியில் ஓர் அக்கா இருந்தாள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். ஒரு நாளைக்கு எத்தனை குடம் வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பலகாலம் அத்தனையையும் அவள் இடுப்பில் வைத்து மூன்று மாடி ஏற்றியவள். குழாயடியில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவளுக்கு வாய் நீளம், எனக்கும் குறைச்சல் இல்லை.

அவள்தான் முதலில் அதைச் சொன்னாள். வெங்காயம் கிள்ளும்போது, யாரையும் பார்க்காமல், "இந்த சோலாரு இங்கயே இருந்துட்டுப் போனாத்தான் என்னவாம்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"அப்ப என் தங்கச்சி வூடு?" என்றேன்.

எல்லாரும் வெங்காயத்தையே பார்த்துக் கிள்ளினார்கள். இவர்களில் ஒருத்தியும் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து வந்த ஒரு திங்கட்கிழமை அந்த அக்கா சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். மறுநாள் காலையில் நான் ஜன்னலைத் திறந்தால், இரண்டு தகடு வரிசைகளுக்கு நடுவே, யாரோ வெட்டாமல் விட்டிருந்த வேப்பங்கன்றின் அடியில் ஒரு சூலம் நின்றது. மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் குத்தி, குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மன் கனவில் வந்து இடம் கேட்டதாக மூன்றாவது மாடி அக்கா சொன்னாள். கூட்டம் கூடிவிட்டது. கற்பூரம் ஏற்றினார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எதற்காக அந்தச் சூலத்தை நட்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சாமி உட்கார்ந்த இடத்தில் எந்த ஆபீஸும் கை வைக்காது. ஆனால் தெரிந்து என்ன செய்ய? எதற்காக வைத்தாலும், வைத்த பிறகு சாமி சாமிதான். வெள்ளிக்கிழமை தோறும் அக்கா விளக்கேற்றினாள். நான் போய் நின்று கண்ணை மூடினால் என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாது. தங்கச்சிக்கு வீடு கொடு தாயே என்று கேட்டால், நீ எழுந்து போ என்று அம்மனிடமே சொல்வதாக ஆகிவிடுமே. விபூதியை மட்டும் எடுத்துப் பூசிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. நான் பயந்தபடியே ஏரித் தண்ணீர் குடிசைக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துப்போய், தங்கச்சியையும் பிள்ளையையும் அடுப்பையும் நனைந்த படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் போய் வருவதற்குள் நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். இருந்த ஒரு அறையில் எல்லாரும் நெருக்கியடித்துப் படுத்தோம்.

வெயில் எட்டிப் பார்த்த அன்று படுக்கையெல்லாம் வராந்தாவில் காயப் போட்டோம். பிள்ளையை அங்கேயே இறக்கிவிட்டிருந்தாள் தங்கச்சி. இங்கே ஏரியும் இல்லை, சரிவும் இல்லை, கட்டவும் இல்லை. பிள்ளை கொஞ்ச தூரம் தவழ்ந்தது. பிறகு தானாக நின்று, உட்கார்ந்துகொண்டது. கடைக்குப் போகப் படியிறங்கி வந்த மூன்றாவது மாடி அக்கா, மடியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, "வா வா" என்று நீட்டினாள். பிள்ளை கையை நீட்டியது. எட்டவில்லை. ஒரு அடி நகர்ந்தால் கிடைத்துவிடும். நகரவே இல்லை. கையை நீட்டியபடியே அழ ஆரம்பித்தது.

"ஏன்டி, வரமாட்டேங்குறா?" என்று தங்கச்சியைக் கேட்டாள்.

"அவ்ளோ தூரம்தான்க்கா போவா. அங்க சேலையில கட்டி வுட்டுருப்பேன்ல, அதான் பழக்கம்," என்றாள் தங்கச்சி. துணியைப் பிழிந்துகொண்டே, சோற்றுக்கு உப்புப் போட்டதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அக்கா பிள்ளையின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு பிள்ளையிடம் நடந்துவந்து, பிஸ்கட்டைக் கையில் வைத்துவிட்டு, கடைக்குப் போகாமல் மறுபடி மாடியேறிப் போய்விட்டாள். தங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு திமிர் பார் என்று நான் நினைத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் தங்கச்சி கிளம்பிவிட்டாள். இரு இரு என்று கெஞ்சினேன். குடிசையில் ஆள் இல்லை என்று யாராவது எழுதிவிட்டால் வீட்டுப் பட்டியலில் இருக்கிற பேரும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். பயத்தில் அவள் எனக்குத் தங்கச்சிதானே.

தை பிறந்ததும் ஆபீஸிலிருந்து வந்தார்கள். இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது, தகடுகளைக் கழற்றி அரியலூர்ப் பக்கம் இன்னொரு காலி மனைக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றார்கள். கழற்றியதை எங்கள் மொட்டைமாடியிலேயே வையுங்களேன் என்று யாரோ கேட்டார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இன்னும் பாரம் ஏற்றினால் கட்டடம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து நான் கூரையைப் பார்த்துக்கொண்டே தூங்கினேன்.

வேலையை ஆரம்பிக்க ஜே.சி.பி. வந்தது. ஓட்டுநர் சூலத்தைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார். இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டார்.

"இத நான் தொடமாட்டேன் சார். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

ஆபீஸ்காரர் சின்ன வயசு. யார் யாருக்கோ போன் பேசினார். கடைசியில் எங்களைப் பார்த்து, "நீங்களே ஒத்துமையா எடுத்து வச்சுக்கிட்டா நாங்க வேலையப் பாப்போம். இல்லன்னா பிரச்சினைக்குரிய எடம்னு எழுதிட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்த வூடுங்க வேற ஊருக்குப் போயிடும். திரும்ப வராது," என்றார்.

முதல் மாடியில் இருந்த பெரியவர் ஒருவர்தான் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதிக்கிறாள், குடியிருப்பு வாசலுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் அவள் இருக்கிற இடத்திலேயே இருப்பாள், தகடுகளும் இருக்கும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பொட்டலம் கட்டுகிற வேலையை மூன்றாவது மாடி அக்காவிடம் விட்டார்கள். விளக்கேற்றுகிறவள் அவள்தானே.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "செவப்பு வந்தா வந்துட்டுப் போவட்டும்க்கா. சாமிகிட்டயா சண்டை போட முடியும்?" என்றாள்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானை மறைவில் பூவரச இலையில் பூவை வைத்து வாழைநாரால் கட்டினாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் எதற்கும் துணிந்தவள். இரண்டிலும் சிவப்பையே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வேறு யாராவது கட்டட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். சாமி முன்னால் அப்படி ஒரு பேச்சைப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

பொட்டலங்களைக் குலுக்கிச் சூலத்தின் அடியில் வைத்தாள். முதல் மாடிப் பெண் குழந்தை ஒன்றை நிறுத்தி, எடு என்றார்கள். அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றது. என் கண்ணுக்கு ஏரியும் சரிவும் அந்தச் சேலையும்தான் தெரிந்தன. தங்கச்சி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பெரியவர் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

பெண்கள் குலவை போட்டார்கள். தங்கச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாடிக்காரர்கள் சிலருக்கு முகம் சுண்டிப் போனாலும், அம்மனே சொன்ன பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சூலத்தைச் சுற்றி எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

எடுக்காத பொட்டலத்தை எங்கள் பக்கம் பிரிப்பதில்லை. தண்ணீரில் விட்டுவிடுவோம். "நான் போட்டுட்டு வரேன்," என்று அதை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கிற தொட்டிக்குப் போனேன். போட்டிருக்கலாம். ஆனால் எந்தச் சிவப்பிலிருந்து தப்பித்தோம் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பயப்படுகிறவர்களுக்கு அந்தப் புத்தி உண்டு. நாரை உருவி, இலையைப் பிரித்தேன்.

உள்ளேயும் நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று.

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாராவது பார்த்துவிட்டால் தங்கச்சி வீடு போயிற்று. யாரும் பார்க்காவிட்டாலும் பார்க்கிறவள் ஒருத்தி அங்கே சூலத்தில் இருக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன், மூன்றாவது மாடி அக்கா. என் கையில் விரிந்திருந்த இலையைப் பார்த்தாள்.

"பிரிக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"அக்கா… சாமிகிட்டப் போயி…"

"சத்தம் போடாத." இலையோடு பூவைப் பிடுங்கித் தொட்டிக்குள் அமுக்கினாள். கையை உதறினாள். "பிஸ்கட்டுக்கு நகராம அழுத அந்தப் புள்ளைய அம்மனுந்தான பாத்துக்கிட்டு இருந்தா. அவ கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ போயி ஒன் தங்கச்சிக்குக் காப்பி போட்டுக் குடு, வெறும் வயித்தோட வந்துருக்கா."

தகடுகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சூலம் இப்போது எங்கள் குடியிருப்பு வாசலில் இருக்கிறது. காலி மனையில் அஸ்திவாரம் எழும்பி, தூண்கள் நிற்கின்றன. தங்கச்சி வருகிறபோதெல்லாம் அதில் ஏதோ ஒரு தூணைக் காட்டி, இதுதான் நம் வீடு என்று பிள்ளையிடம் சொல்கிறாள். மோட்டார் பழையபடி உறுமுகிறது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை.

அக்கா குடம் தூக்குகிறாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது கீழே எனக்குக் கேட்கும். கொடுங்கள் அக்கா என்று போனால், "நீ வழியில பயந்து கொடத்த ஒடச்சிருவ, போ," என்று விரட்டிவிடுகிறாள். மாசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாமி இடம் மாறியதால்தான் என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். இரண்டிலும் வெள்ளை வைத்ததற்காகத்தான் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் விட்டது. ஆனாலும் அவள் ஒரு தும்மல் போட்டால் இங்கே எனக்குத் திக்கென்கிறது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் மேலே கிடக்கிற அந்த மனுஷனை யார் தூக்குவது?

போன வெள்ளிக்கிழமை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சூலத்தின் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் எந்தச் சாமியிடம் போனாலும் நான் கேட்டது ஒன்றுதான். என் பக்கம் எதுவும் வரக் கூடாது. அன்றைக்கு வாய்விட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"அவ எங்களுக்காகத்தான் செஞ்சா தாயே. தண்டனை குடுக்குறதா இருந்தா எனக்குக் குடு. அவள வுட்டுரு."

சொல்லி முடித்ததும் கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. சூலத்தைப் பிடித்துக்கொள்ளவும் பயம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.